தள்ளிப்போன வியாழக்கிழமை

ஏப்ரல் 8, திங்கள்

தூத்துக்குடி வந்து இன்றோடு நான்கு நாள். நசீர் காலையில் காமிராப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு லென்ஸையும் துடைத்து உறையில் போட்டு ஒட்டினான். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடுமாம். பன்னிரண்டு வருடமாக என் படங்களுக்கு அவன்தான் ஒளிப்பதிவு. நான் மறப்பதையெல்லாம் அவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்.

உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஐம்பது நிமிடப் படம். ஐரோப்பியத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்ப ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே பொறுப்பில் இருக்கும் இங்க்ரிட் நல்ல பெண்மணிதான். ஆனால் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுவிட்டார். "பார்க்கிறவர்கள் யாரைப் பின்தொடர்ந்து போவார்கள், கிருபா?"

இன்று ஆள் கிடைத்துவிட்டது. பெயர் சுடலைவடிவு. ஐம்பத்தொரு வயது. இருபத்தெட்டு வருடமாக இந்த உப்பளத்தில் தலைச்சுமை. ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிக்க, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். ஒரு சாண் அகல வரப்பில், தலையில் முப்பது கிலோவோடு, இடுப்பு அசையாமல் நடக்கிறார். காமிரா இருப்பதையே கவனிக்காதவர் போலிருந்தார். அப்படிப்பட்டவர்கள் ஆயிரத்தில் ஒருவர்தான் அமைவார்கள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

துவைத்துக் காயப்போட்ட துணியிலெல்லாம் வெள்ளைக் கோடு.

ஏப்ரல் 13, சனி

அளத்தில் கழிப்பறை இல்லை. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. அதனால் பெண்கள் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. நானும் அப்படியே இருந்து பார்த்தேன். பதினோரு மணிக்குத் தலை சுற்றியது. வடிவக்கா என் கையைப் பிடித்து உப்புக் குவியலின் நிழலில் உட்கார வைத்தார்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு மேடம் இந்த வேல? நாங்க சொன்னா நம்ப மாட்டியளா?"

"நம்புவேன். ஆனா தெரியாதுல்ல."

"இப்பத் தெரிஞ்சிட்டுல்லா. தண்ணியக் குடிங்க."

ஏப்ரல் 22, திங்கள்

மத்தியானம் அறையில் இதுவரை எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம். வடிவக்கா எப்போதும் சந்தனமாரிக்குப் பின்னால்தான் நடக்கிறார். சந்தனமாரி இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண். வாய் ஓயாது, காலில் கொலுசு. ஒரு காட்சியில் அவள் சும்மாட்டைச் சரிசெய்ய நின்றுவிடுகிறாள். கொலுசுச் சத்தமும் நின்றுவிடுகிறது. அந்த நொடியே வடிவக்காவும் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார். தலை லேசாக ஒருபக்கம் சாய்கிறது.

நசீர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினான்.

"அக்கா, இவங்க பாத்து நடக்கல. கேட்டு நடக்குறாங்க" என்றான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லிராதிய மேடம். கணக்கப்பிள்ளைக்குத் தெரிஞ்சா நாளைக்கே நின்னுக்கன்னுருவாரு."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல பனி மூட்டம் மாதிரி இருந்திச்சு. இப்ப வெளிச்சம் தெரியும். ஆளு நெழலாத் தெரியும். வரப்பு மனப்பாடம். திருப்பத்துக்கு நாப்பத்தி மூணு எட்டு. சந்தனமாரி கொலுசு முன்ன போச்சுன்னா எனக்குக் கவலையில்ல."

"அவளுக்குத் தெரியுமா?"

"யாருக்குமே தெரியாது. எம் மவளுக்கே தெரியாது."

ஆபரேஷன் என்றால் ஒரு மாதம் வேலைக்கு வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சீசனில் ஒரு மாதம் நின்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதனாலேயே பொறுத்திருக்கிறார்.

திருநெல்வேலி கண் மருத்துவமனைக்கு உடனே போன் செய்தேன். கண்புரையாகத்தான் இருக்கும், எளிதில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அழைத்து வரச் சொன்னார். கணக்கப்பிள்ளையிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லி விடுப்பு வாங்கித் தருகிறேன் என்று வடிவக்காவிடம் சொன்னேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் 24, புதன்

இங்க்ரிட்டிடம் பேசினேன். வடிவக்காவின் கண்ணைப் பற்றியும் சந்தனமாரியின் கொலுசைப் பற்றியும் சொன்னேன். "அந்தப் பெண் முன்னால் போகாமல், இவர் மட்டும் நடக்கும் காட்சி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. எல்லாவற்றிலும் இருவர்தான்.

யோசித்துப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்துப் பெரிய பாத்தி திங்கட்கிழமைதான் முழு வெள்ளையாகும். மதுரைக்குப் பழுதுபார்க்க அனுப்பிய நீண்ட லென்ஸ் சனிக்கிழமைதான் வரும். வடிவக்கா மகளுக்கு வெள்ளிக்கிழமை சீமந்தம். கண்ணில் கட்டோடு அந்த வீட்டில் அவர் என்ன செய்வார்? அவருக்கும் அடுத்த வாரம்தான் வசதி.

மருத்துவமனையில் அடுத்த வியாழனுக்கு மாற்றச் சொன்னேன். உடனே சரியென்றார்கள். வடிவக்காவிடம் ஆஸ்பத்திரியில் கூட்டமாம் என்றேன். கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

"அதுக்கென்ன மேடம், ரெண்டு வருசம் கெடந்தாச்சு, ஒரு வாரம் கெடக்க மாட்டேனா" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நசீர் பக்கத்தில்தான் இருந்தான். காமிராப் பையின் ஜிப்பை இரண்டு தடவை மூடித் திறந்தான்.

ஏப்ரல் 26, வெள்ளி

வடிவக்கா மகள் இசக்கிச்செல்விக்குச் சீமந்தம். காமிரா கொண்டுபோகவில்லை. எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் பரிமாறினேன். நல்ல கூட்டம். சம்பந்தி வீட்டார் வடிவக்காவுக்குச் சேலை எடுத்துத் தந்தார்கள். வாங்கி மடியில் வைத்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என் காதருகே குனிந்து, "என்ன கலர் மேடம்?" என்றார்.

"நீலம். மஞ்சள் பார்டர்."

"நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கு."

உடனே நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "நீலம்னா எனக்கு உசுரு" என்றார்.

ஏப்ரல் 27, சனி

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று ஜூலையில் எனக்குப் பாராட்டு விழா வைக்கிறது. என்னைப் பற்றி இரண்டு பத்தி எழுதித் தர வேண்டும். காலையெல்லாம் அதில் போயிற்று.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆவணப்படங்கள் இயக்கி வருகிறார். கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் குறித்த இவரது முதல் படத்துக்குப் பிறகு அங்கே மருத்துவ முகாம் அமைந்தது. பட்டாசு வேலைக்குப் போன சிறுமிகளைப் பற்றிய படத்தால் மாலைநேரப் பள்ளி ஒன்று உருவானது. புயல் நிவாரணத்தின்போது காமிராவை வைத்துவிட்டு நாற்பது நாள் பொதுச் சமையற்கூடம் நடத்தினார். சமூக அக்கறையுள்ள கலைஞர், மனிதநேயச் செயற்பாட்டாளர்."

எல்லாம் உண்மைதான். கடைசி வரியை அடித்தேன். பிறகு அவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று சேர்த்தேன்.

லென்ஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 29, திங்கள்

கிடைத்துவிட்டது.

பெரிய பாத்தி கண்கூசும் வெள்ளை. வானமும் வெள்ளை. நடுவில் நூல் மாதிரி வரப்பு. சந்தனமாரியை ஐந்து நிமிடம் ஓரமாக உட்காரச் சொன்னேன். வடிவக்கா தனியாக, தலையில் கூடையோடு, நீலச் சேலையில் நடந்து வந்தார். உதடு எண்ணிக்கொண்டே வருகிறது. நாற்பத்து மூன்றில் திரும்பினார். நசீரின் கை துளிகூட அசையவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு காட்சி எடுத்ததில்லை.

"தனியா நடந்தது அவ்வளவு நல்லா வந்திருக்கு வடிவக்கா" என்றேன். பள்ளிப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

இங்க்ரிட்டுக்கு அனுப்பினேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது. "அற்புதம்."

வியாழன் காலை ஆறு மணிக்கு வண்டி சொல்லியாயிற்று.

ஏப்ரல் 30, செவ்வாய்

வடிவக்கா விழுந்துவிட்டார். காலை ஒன்பது மணி. வரப்பிலிருந்து உப்புநீர் வாய்க்காலுக்குள். கூடை தோளில் சரிந்து, கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சந்தனமாரி நான்கு எட்டு பின்னால் வந்துகொண்டிருந்தாளாம். அவள் அலறிய பிறகுதான் நாங்கள் ஓடினோம்.

வண்டியில் என் மடியில் தலை வைத்திருந்தார். முகமெல்லாம் உப்பு.

"நேத்து தனியா நடந்தேன்லா மேடம். அந்தத் தெம்புல இன்னைக்கும் போயிட்டேன்."

மே 1, புதன்

நசீர் டீ வாங்கி வந்து மேசையில் வைத்தான். ஆறிப்போனதும் எடுத்துப் போனான்.

மே 2, வியாழன்

கையில் மாவுக்கட்டு. கண் டாக்டரும் பார்த்தார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. வலது கண்ணுக்குத் திங்கட்கிழமை, இடதுக்கு அடுத்த மாதம். "போன வாரமே வரேன்னீங்களே?" என்று என்னிடம் கேட்டார். வேலை இருந்தது என்றேன்.

கணக்கப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண் தெரியாதவளை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரிடம் சண்டை போடப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன்.

மே 7, செவ்வாய்

கண்கட்டைப் பிரித்தார்கள். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவே பயந்தார். திறந்ததும் முதலில் பார்த்தது மகளின் வயிற்றை. "ஏட்டி, இம்புட்டுப் பெருசா இருக்கு!" என்று அதைத் தொட்டார். இருவரும் அழுதார்கள். பிறகு என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், ஒங்களுக்கு இவ்வளவு நரையா? கொரலக் கேட்டு சின்னப் பிள்ளன்னுல்லா நெனச்சேன்."

வார்டே சிரித்தது. நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மே 8, புதன்

முதல் வியாழக்கிழமையே போயிருந்தால் கை முறிந்திருக்காது. லென்ஸ், சீமந்தம், வசதி எல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டவை. எனக்கு அந்தக் காட்சி வேண்டியிருந்தது. இதை இந்த நோட்டில் எழுதவே இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

மே 24, வெள்ளி

எடுத்தவரை தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வடிவக்கா கேட்டிருந்தார். தன் வீட்டில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மடிக்கணினிக்கு நேராகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதலில் ஒரே சிரிப்பு. "எம் மூக்கு எங்க அப்பா மூக்கு மாதிரியே இருக்கு." சந்தனமாரி முன்னால் நடப்பதைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே என்னக் கூட்டிட்டுப் போயிருக்கா" என்றார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நீக்கிவிட்டுக் காட்டியிருக்கலாம். நீக்கவில்லை.

சிரிப்பு நின்றது. "இது சீமந்தத்துச் சேலைலா?" என்றார்.

"ஆமா."

"திங்கக்கெழம உடுத்துனேன். அதுக்கு முந்துன வியாழக்கெழமதான ஆஸ்பத்திரிக்குப் போவேண்டியது? கூட்டம்னியளே."

நசீர் எழுந்து வெளியே போனான்.

"கூட்டம் இல்ல வடிவக்கா. நான்தான் தள்ளி வைக்கச் சொன்னேன். இந்த ஒரு காட்சிக்காக. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மாவுக்கட்டுக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார். அதில் அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். எழுந்து அடுக்களைக்குப் போனார். ஒற்றைக் கையால் அவர் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. துலக்கித் துலக்கி வைக்கிறார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கடைசியில் வாசலில் வந்து நின்றார். "இன்னைக்குப் போங்க" என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

மே 26, ஞாயிறு

அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்தக் காட்சியை அழித்துவிடுகிறேன், படம் வேண்டாமென்றால் படமே வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன். பேசவிடவில்லை.

"அழிக்கக் கூடாது. நான் விழுந்தது எதுக்கு அப்புறம்? அது இருக்கட்டும். ஆனா நீங்க செஞ்சதையும் அதுலயே சொல்லணும். ஒங்க வாயால. எம் மூஞ்சிய ஊரெல்லாம் காட்டுதியல்லா, ஒங்க மூஞ்சியையும் ஒரு தடவ காட்டுங்க."

"சொல்றேன்."

"இன்னொண்ணும் இருக்கு. எங்க செட்டுல கண்ணு எரியாத ஆளே கெடையாது. அவளுவளையும் கூட்டிட்டுப் போவணும். இந்த வாட்டி நாளத் தள்ளக் கூடாது."

கோபம் போயிருந்ததா என்று தெரியவில்லை. டீ மட்டும் கொடுத்தார். சர்க்கரை இல்லை. மறந்தாரா என்று கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

ரம்ஜான். நசீர் ஊருக்குப் போயிருக்கிறான். கோயம்புத்தூர்க் கல்லூரிக்கு எழுதினேன், விழா வேண்டாமென்று. காரணம் கேட்டார்கள். படத்தில் சொல்வேன் என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

மருத்துவமனை வேனில் முதல் தொகுதி, பதினொரு பெண்கள். வடிவக்கா இடது கண் ஆபரேஷனுக்காக வந்தவர், தானே மற்றவர்களுக்குத் தலைமை ஏற்றுக்கொண்டார். "ஊசியெல்லாம் கெடையாதுட்டி, சொட்டு மருந்துதான்" என்று வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக உள்ளே தள்ளினார். ஊசி உண்டு. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று பேருக்குப் புரை, நான்கு பேருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்குக் கண்ணாடியும் மருந்தும் போதும்.

நான் காமிரா வைத்திருந்தேன். முதலில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாமென்றார்கள். அவர்களை எடுக்கவில்லை.

ஜூன் 19, புதன்

இங்க்ரிட்டோடு ஒரு மணி நேரம். "பார்க்கிறவர்கள் உப்பளத்தை மறந்துவிட்டு உன்மேல் கோபப்படுவார்கள்" என்கிறார்.

"கொஞ்சம் படட்டும்" என்றேன்.

"அன்று அவர் தனியாக நடக்கும் காட்சியைக் கேட்டது நான்தான். அதையும் சொல்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

குரல் பதிவு. அந்த ஒரு பத்தி மட்டும் வரவே இல்லை. முதலில் அழுகிற குரலாக வந்தது, பிறகு செய்தி வாசிப்பது போல. பதினான்காவது தடவை நசீர் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "அக்கா, வடிவக்காகிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றான். சொன்னேன். அதுதான் படத்தில் இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

வடிவக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். சந்தனமாரியும் இன்னும் ஒன்பது பேரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவரைச் சேர்த்தால்தான் தூக்குவோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். கணக்கப்பிள்ளை அரை மணி நேரம் கத்திவிட்டு, டாக்டர் சீட்டு கொண்டுவரச் சொன்னார். அதை வடிவக்கா ஏற்கெனவே முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். இப்போது சும்மாட்டுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி.

இவை எல்லாம் நடந்தபோது நான் சென்னையில் படத்தொகுப்பில் இருந்தேன். போனில்தான் கேட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

வெளிநாட்டில் காட்டுவதற்கு முன்னால் இங்கேதான் காட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாலை நான்கு மணிக்கு. இருநூறு பேர் இருக்கும். நான் கடைசி வரிசைச் சுவரோரம் நின்றேன்.

தங்களைத் தாங்களே பார்த்துப் பெண்கள் கூச்சலிட்டார்கள். கழிப்பறை பற்றிப் பேசுமிடத்தில் ஆண்கள் தலை குனிந்தார்கள். பிறகு பெரிய பாத்தி, நீலச் சேலை. என் குரல் வந்தது. "வடிவக்காவுக்குக் கண் தெரியவில்லை என்பது இதை எடுத்தபோது எனக்குத் தெரியும். நான்கு நாள் முன்பு அவர் மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டும். இந்தக் காட்சி வேண்டும் என்பதற்காக நான் அதைத் தள்ளிவைத்தேன். கூட்டம் என்று அவரிடம் பொய் சொன்னேன். மறுநாள் அவர் விழுந்தார்."

மண்டபத்தில் எல்லோரும் வடிவக்கா பக்கம் திரும்பினார்கள்.

சந்தனமாரி எழுந்தாள். திரும்பி என்னைத் தேடினாள். "படத்துக்காவ எங்க அத்தையப் பாழாக்கப் பாத்தியளா? என்ன ஓரமா உக்காரச் சொன்னது இதுக்குத்தானா?" இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். நான் சுவரிலிருந்து நகர்ந்து அவர்கள் பார்க்கும்படி நின்றேன். "ஆமா. இதுக்குத்தான்" என்றேன்.

முதல் வரிசையிலிருந்து வடிவக்கா எழுந்தார்.

"ஏட்டி சந்தனமாரி, அதுக்கு நான் கேக்க வேண்டியதக் கேட்டாச்சு. சொல்ல வச்சதே நான்தான். நீ உக்காரு. இன்னும் படம் இருக்கு, அதுல நீதான் வாரே."

யாரோ சிரித்தார்கள். சந்தனமாரி உட்காரவில்லை. ஆனால் திரும்பித் திரையைப் பார்த்தாள். மீதிப் படம் முழுவதையும் நின்றபடியே பார்த்தாள்.

முடிந்ததும் பலர் என்னிடம் பேசினார்கள். சிலர் பேசாமல் போனார்கள். வடிவக்கா வாசலில் என்னிடம், "டீ குடிச்சிட்டுப் போங்க மேடம்" என்றார். நன்றாக இனித்தது.

ஜூலை 22, திங்கள்

காலையில் ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். வேலைக்குப் போகாமல் சந்தனமாரி நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. நோட்டுத் தாள் ஒன்றை நீட்டினாள். பக்கத்து மூன்று அளங்களில் கண்ணில் கோளாறுள்ள பெண்களின் பெயர்கள், பென்சிலில், வரிசை எண்ணோடு. முப்பத்தெட்டு. நேற்று மண்டபத்திலிருந்து நேராகப் போய் வீடு வீடாக எழுதியிருக்கிறாள்.

"ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதிய" என்றாள்.

"இல்ல."

"வண்டி எந்த நாளு வரும்?"

நசீரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே மருத்துவமனை எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். பேசினேன். வேன் இருக்கிறது என்றார்கள்.

"நாளைக்குக் காலையில. ஆறு மணிக்கு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டேன்.